கவுஸ் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்?

திண்டிவனம்
9 மார்ச் 2014

பாரூக் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் போன் செய்தால் எடுப்பதில்லை. அக்காவின் எண்ணுக்குச் செய்தாலும் அது உங்கள் சட்டைப்பையில்தான் அடிக்கிறது. ஆகவே கடிதம். மில் விலாசத்துக்கு அனுப்பவில்லை. உங்கள் முதலாளி தாண்டவராயன் முதலில் படித்துவிட்டு உங்களுக்குப் பொழிப்புரை சொல்லும் சிரமம் அவருக்கு எதற்கு?

போன மாதம் என் தம்பியை மில் வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனீர்கள். அம்மா அழுத அழுகையில் அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை யாரும் கவனிக்கவில்லை. அதிலிருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை நேற்றுத்தான் படித்தேன். ‘சொந்த இருசக்கர வாகனத்தின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வலது கையின் மூன்று விரல்கள் துண்டிப்பு.’ தகவல் சொன்னவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்.

கவுஸிடம் சைக்கிள்கூடக் கிடையாது, மச்சான். உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் மல்லாட்டை மில்லுக்குப் போய் வந்தான். எந்தச் செயினைத் துடைத்தான்?

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சொந்தக்காரர்களிடம் “கம்ப்யூட்டர்ல ஏதோ நம்பர் அடிக்குது” என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். இன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், அவருக்கு என்ன அடி, எங்கே அடி என்பதோடு, அடிபட்ட நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கும் ஓர் எண் உண்டு. டாக்டர் எழுதியதைப் படித்து அந்த எண்ணைப் போடுவது என் வேலை. நாயோடு நடந்து போகையில் விழுந்தால் ஓர் எண். பால் கறக்கும்போது மாடு உதைத்தால் வேறு எண். ஸ்வெட்டர் பின்னும்போது ஊசி குத்தினால்கூட எண் இருக்கிறது. கூலிக்காக வேலை செய்துகொண்டிருந்தாரா என்பதற்குத் தனியாக இன்னொன்று. எங்கோ ஒரு கிழவி நூல்கண்டோடு சோபாவிலிருந்து சரிந்ததற்கு அவ்வளவு மரியாதை. விழுப்புரத்தில் என் தம்பியின் கைக்கு வாய்த்தது நீங்கள்.

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கவுஸ் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்?

பர்வீன்

*

விழுப்புரம்
16 மார்ச் 2014

பர்வீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. மற்றபடி மெச்ச அதில் ஒன்றுமில்லை. போனில் பேசினால் பதிவு செய்து வைத்துக்கொள்வாய். நாலு எழுத்து படித்த பெண்களின் புத்தி எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அத்தா மவுத்தானபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஆண் துணையாக நின்றவன் நான். நீ காலேஜில் சேர்ந்தபோது “பெரியவங்க யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டார்களே, அப்போது எழுந்தவன் யார்? இன்று சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஏசியில் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் எதில் தடுக்கி விழுந்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நீ என்னைக் கேள்வி கேட்கிறாய். அவன் விழுந்தால் உனக்குச் சோறு. அது ஒரு பிழைப்பு. அதில் பெருமை வேறு.

மில்லைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிருந்து நான் அனுப்பும் மல்லாட்டையைத் தின்றதுதான். இது சீசன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் கடலை மூட்டை வந்து வாசல்வரை அடுக்கியிருக்கிறது. மில்லில் அடிபட்டது என்று எழுதினால் மறுநாள் போலீஸ், அதன் பின்னால் இன்ஸ்பெக்டர், அவன் பின்னால் பூட்டு. அங்கே பருப்பு பொறுக்கும் பெண்கள் எல்லாம் எங்கே போவார்கள்? உன் ஆபீசில் எண் போடவா?

முதலாளி ஆஸ்பத்திரிச் செலவை முழுக்க ஏற்றார். கை ஆறியதும் கேட்டில் வாட்ச்மேன் வேலை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கோட்டக்குப்பத்தில் அவனுக்குப் பேசி முடித்திருக்கும் நிக்காஹ் பெருநாளுக்குப் பிறகு அதுபாட்டுக்கு நடக்கும். எல்லாருக்கும் நல்லது என்றுதான் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னேன். கவுஸும் சம்மதித்தான். செயின் என்று எழுதினாலும் விரல் போனது போனதுதான். மெஷின் என்று எழுதினால் முளைத்துவிடுமா?

இத்தோடு விடு. வீட்டுக்குப் பெரியவன் சொல்கிறேன்.

பாரூக்

*

திண்டிவனம்
6 ஏப்ரல் 2014

மச்சானுக்கு,

போனில் பேசினால் பதிவு செய்வேன் என்று பயந்து, காகிதத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு மில்லையே கட்டி மேய்க்கும் மேனேஜருக்கு இருக்கவேண்டிய மூளைதான். பயப்படாதீர்கள், அதை யாரிடமும் காட்டப்போவதில்லை. உங்களை எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேண்டிவரும்.

கவுஸ் சம்மதித்தான் என்கிறீர்கள். மயக்கம் தெளியாதவனிடம், கட்டுப்போட்ட கையை விட்டுவிட்டு, இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியதற்குப் பெயர் சம்மதம். அவன் பன்னிரண்டாவது வரை படித்தவன். கைநாட்டு வைப்பவன் இல்லை.

அவன் இங்கே எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். சட்டைப் பித்தானை அம்மா போட்டுவிடுகிறாள். இடது கையால் சாப்பிடக் கூசுகிறான். மிச்சமிருக்கும் இரண்டு விரலில் சோறு நிற்பதில்லை. அதனால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். நாங்கள் ஹாலில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர்கள்போல் டிவி பார்க்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“இன்னாதான்டா நடந்துச்சி? ஒழுங்கா சொல்லு.”

“ஓடு வந்து அடச்சிக்கிச்சிக்கா. கைய வுட்டுத் தள்ளனேன். பெல்ட்டு இழுத்துக்கிச்சி. அவ்ளோதான்.”

“மெஷின நிறுத்தாமலா தள்ளன?”

“ஓடிக்கினு இருந்துச்சி.”

“நிறுத்தத் தெரியாதா உனக்கு? யாரு நிறுத்தவேணாம்னு சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. வுடு. மச்சான் மேல கோவப்படாத. அவருதான் என்னத் தூக்கிக்கினு ஓடனாரு. அவரு சட்டயெல்லாம் ரத்தம்.”

அவனைப் பொறுத்தவரை நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடியவர். ஓடிப்போய் என்ன சொன்னீர்கள் என்பது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

விரல் முளைக்காது, சரி. அப்படியானால் செயின் என்று மாற்றிச் சொல்ல ஏன் அவ்வளவு அவசரம்? அந்த மெஷினுக்கு ஒரு மூடியோ தடுப்போ கிடையாது என்று அவனே சொல்கிறான். நாளை அதே இடத்தில் இன்னொருவன் நிற்பான். அவனுக்கும் ஒரு செயின் வைத்திருக்கிறீர்களா? கையிருப்பில் எத்தனை பைக்?

விழுப்புரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கவுஸின் பெயரில் நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தாயிற்று. கையெழுத்து அவனுடையது. இடது கையால் போட்டான். கோணலாக இருந்தாலும் அவனே போட்டது.

பர்வீன்

*

விழுப்புரம்
11 மே 2014

பர்வீன்,

மனுவின் நகல் மில்லுக்கு வந்துவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் அதை என் மேஜையில் போட்டு, “இன்னா பாரூக்கு, உன் வூட்டுப் பொம்பளைங்கள உன்னால அடக்க முடியலியா?” என்றார். பதினான்கு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவன் என்னை அப்படிக் கேட்டதில்லை. உன் புண்ணியத்தில் கேட்டேன்.

வாட்ச்மேன் வேலை இனி கிடையாது. நீ கெடுத்தது. வக்கீல் வைத்துப் பதில் போடுகிறார்கள். நான் மில்லின் மேனேஜர். மில்லின் பக்கம்தான் நிற்பேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன்னைப்போல ஒற்றை ஆளாய் நின்று நியாயம் பேசும் வசதி எனக்கில்லை.

உன் அக்கா ஃபாத்திமா பெருநாளுக்கு அங்கே வரமாட்டாள். வந்துதான் தீருவேன் என்றால் வரட்டும். திரும்பி வர வேண்டாம்.

இனி எழுதாதே.

*

திண்டிவனம்
10 ஆகஸ்ட் 2014

மச்சானுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த முறை கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருக்கிறீர்கள். கற்றுக்கொள்கிறீர்கள், சந்தோஷம்.

பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, கோட்டக்குப்பத்திலிருந்து பெண்ணின் அத்தாவும் ஜமாத்தில் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். நிக்காஹ் தேதி பேச வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா அவசரமாகச் சேமியா காய்ச்சினாள். அவர்கள் தொடவில்லை. பெண்ணின் அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“தப்பா நெனக்காதீங்கம்மா. எங்க பக்கத்து ஆளு ஒருத்தரு அந்த மில்லுலதான் மூட்ட தூக்குறாரு. பையன் குடிச்சிட்டு வண்டியில கைய வுட்டான்னு பேசிக்கிறாங்களாம். பேச்சுன்னு வுட்டிருப்பேன். கோர்ட்டு பேப்பருலயே அப்டித்தான் கீதாம்.”

அம்மா, “யா அல்லாஹ், என் புள்ள பீடிகூடப் புடிச்சதில்லிங்க” என்றாள்.

“இருக்கலாம்மா. நான் பொண்ணப் பெத்தவன்.”

கவுஸ் வாசல்படியில் நின்றிருந்தான். கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டிருந்தான். அவர்கள் எழுந்தபோது செருப்புகளைத் திருப்பி நேராக எடுத்து வைத்தான்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு விழுப்புரம் போய் மில்லின் பதிலை வாங்கிப் படித்தேன். அன்று கவுஸ் விடுப்பில் இருந்தானாம். மது அருந்திய நிலையில் மில் வளாகத்துக்கு வெளியே வண்டியைப் பழுது பார்த்தானாம். நேரில் கண்ட சாட்சி, மேலாளர் பாரூக். இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில், சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து.

செயின்வரைக்கும் கோழைத்தனம் என்று வைத்துக்கொண்டேன். இது என்ன?

இன்னொன்று. திருவாமாத்தூரிலிருந்து உங்கள் மில்லுக்குப் பருப்பு பொறுக்க வரும் சின்னக்கண்ணு என்ற அம்மா என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உங்க மச்சான்தாம்மா சொன்னாரு. ‘லாரி நிக்கிது, மெஷின நிறுத்தாதடா, கைய வுட்டுத் தள்ளு’ன்னாரு. நான் எதிருலதான் ஒக்காந்துக்கினு இருந்தேன். அந்தப் புள்ள ஒரு தபா அவரத் திரும்பிப் பாத்துச்சி. அப்பறந்தான் கைய வுட்டுச்சி.”

“இத வந்து சொல்றீங்களாம்மா?”

“எப்டிம்மா சொல்றது? நாளைக்கி நான் வேலைக்கிப் போவணும்.”

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்கு நாளை வேலைக்குப் போகவேண்டும். உங்களுக்கு?

வீட்டுக்கு வந்து கவுஸிடம் கேட்டேன். “உனக்கு யாரு சொன்னதுன்னு தெரியும்தானே?” என்றேன். “பெரியக்காவுக்குத் தெரிஞ்சா அவங்க ரெண்டு பேருக்கும் ஆவாம போயிடும். வாயத் தொறக்காத” என்றான். இத்தனை மாதம் அவன் மூடி வைத்திருந்தது உங்கள் பெயரை. நீங்கள் அவன் பெயரை விழுப்புரம் முழுக்க நாறடித்துக்கொண்டிருந்தபோது.

உங்களை மச்சான் என்று எழுதும்போது கை கூசுகிறது. வேறு வார்த்தை கிடைக்கும்வரை அதுவே இருக்கட்டும்.

பர்வீன்

*

விழுப்புரம்
24 ஆகஸ்ட் 2014

பர்வீனுக்கு,

படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றால் உடனே நம்புவாய். படிக்காமல் போட்டேன் என்றால் சிரிப்பாய். படிக்காமல்தான் போட்டேன். சிரி.

வக்கீல் குமாஸ்தா கத்தை கத்தையாக ஆங்கிலக் காகிதத்தை நீட்டினான். முதல் பக்கத்தில் செயின் என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் போட்டேன். நடுவில் குடி இருப்பது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்தபிறகு மேஜையிலிருந்த நகலை வீட்டுக்கு எடுத்துவந்து, பழைய டிக்‌ஷனரி ஒன்றை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். உன் அக்கா, “இன்னா தேடுறீங்க?” என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் போனேன்.

“சார், குடிச்சிருந்தான்னு போட்டிருக்காங்க. அவன் அப்டிப்பட்ட பையன் இல்ல சார். அத எடுத்துடச் சொல்லுங்க.”

“அட, கேசுக்குன்னு ஒரு பேச்சுப்பா. குடிச்சிருந்தான்னாதான் வக்கீலு கேசு நிக்கும்ன்றாரு. உங்காளுங்கள்ல எவனும் குடிக்கிறதே இல்லியா?”

“நிக்காஹ் நின்னு போச்சி சார்.”

“வேற பொண்ணு கெடைக்கும். போ, லாரி நிக்கிது பாரு.”

போனேன். லாரி நின்றது. மூட்டையை எண்ணி ஏற்றினேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய்? அந்த ஆளுக்குப் பதினான்கு வருடம் நாயாக உழைத்திருக்கிறேன். என் வீட்டுப் பையனைப் பற்றி ஒரு பொய்யை எழுதும் முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நாய்க்காவது தட்டு வைக்கும்போது கூப்பிடுவார்கள்.

ஆனால் உன்னிடம் இதைச் சொல்வதால் நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. நீ மனு போடாமல் இருந்திருந்தால் இந்தக் குடிப் பேச்சே வந்திருக்காது. பெண்ணின் அத்தா வந்திருக்கமாட்டார். உன் நியாயம்தான் அவன் நிக்காஹைத் தின்றது. அதை ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்.

சின்னக்கண்ணு சொன்னதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் போய் அதிகாரி முன்னால் நின்று, ஆமாம், நான்தான் கையை விடச் சொன்னேன் என்று சொல்லவேண்டுமா? அதுதான் உனக்கு வேண்டுமா?

பாரூக்

*

திண்டிவனம்
1 செப்டம்பர் 2014

மச்சானுக்கு,

ஆமாம். அதுதான் வேண்டும்.

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மனு போட்டது நான்தான். நிக்காஹ் நின்றதில் என் பங்கும் உண்டு. சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். உங்கள் வீட்டிலும் கண்ணாடி இருக்கும்.

விசாரணை அக்டோபர் பதினாறாம் தேதி. எனக்கு லீவு கிடைக்காது. புது எண் முறை வருகிறது என்று எல்லாரையும் பரீட்சைக்கு உட்காரவைத்திருக்கிறார்கள். அம்மாவும் கவுஸும் வருவார்கள். எங்களுக்காக வர வேண்டாம். உங்கள் தயவில் நியாயம் கிடைத்தது என்று ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. வந்தால் நடந்ததைச் சொல்வதற்காக வாருங்கள். இல்லாவிட்டால் லாரி நிற்கும், போய் ஏற்றுங்கள்.

பர்வீன்

*

விழுப்புரம்
23 நவம்பர் 2014

பர்வீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

விசாரணை அன்று நடந்ததை உன் அம்மா சொல்லியிருப்பார்கள். அவர்கள் அழுதுகொண்டே கேட்டார்கள், பாதி காதில் விழுந்திருக்காது. நானே சொல்கிறேன்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். கேள்வியை நேராகக் கேட்டார். “அடிபட்ட நேரத்துல இவரு என்ன பண்ணிட்டு இருந்தாரு?”

“மல்லாட்ட ஒடைக்கிற மெஷின்ல வேல பாத்துக்கினு இருந்தாருங்க சார்.”

“குடிச்சிருந்தாரா?”

“இல்லிங்க சார். அவனுக்கு அந்த வாசனையே தெரியாது.”

முதலாளி பக்கத்து வக்கீல் எழுந்து, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஆட்டிக் காட்டினார். “இதுல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே, எது பொய்?” “அதுதாங்க பொய்” என்றேன். அவர் விடவில்லை. “மெஷின நிறுத்தாம கைய வுடச் சொன்னது யாரு? அவரா வுட்டாரா?”

நான் வாயைத் திறக்கும் முன்பு உன் தம்பி, அந்த முட்டாள், எழுந்து நின்றுவிட்டான். “யாரும் சொல்லல சார், நானாத்தான் வுட்டேன், மச்சான் மேல ஒண்ணும் இல்ல சார்” என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஒக்காருடா!” என்று கத்தினேன். அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இங்க யாருக்குய்யா அடிபட்டுச்சி?” என்றார்.

“நான்தாங்க சார் நிறுத்தாதன்னு சொன்னேன். லாரி நின்னுச்சி. அவன் என்னத் திரும்பிப் பாத்தான். தள்ளுடான்னேன்.”

முதலாளி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. சாயந்திரம் மில்லுக்குப் போனபோது என் டிபன் டப்பாவும் குடையும் கேட்டில் வாட்ச்மேனிடம் இருந்தன. பதினான்கு வருடம். அந்த மனிதனைப் பற்றி இனி எழுத எனக்கு மை வீண். கிளியனூரில் ஒரு சிமெண்ட் கடையில் கணக்கு எழுதப் போகிறேன். பஸ்ஸில் போய் வருகிறேன்.

இதை எழுதக் காரணம் அது இல்லை. போன வாரம் கோட்டக்குப்பம் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான். பெண்ணின் அத்தாவை வீட்டில் பார்த்து, அதிகாரி முன்னால் சொன்னதை அப்படியே அவர் முன்னாலும் சொன்னேன். பையன் குடிக்கவில்லை, தப்பு என்னுடையது, வேண்டுமானால் பள்ளிவாசலில் நாலு பேர் கேட்கச் சொல்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டீ கொடுத்தார். பிறகு சொன்னார்:

“எல்லாம் சரிங்க பாய். புள்ள நல்ல புள்ளதான். எங்களுக்கும் தெரியும். ஆனா கை?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“குடின்னு சொன்னீங்களே அன்னிக்கி?”

“சபையில கையச் சொல்ல முடியுங்களா? பாவம் இல்ல?”

பர்வீன், நான் பொய் சொன்னவன். அதனால் அவரைப் பேச எனக்கு வாய் இருக்கக்கூடாது. இருந்தும் சொல்கிறேன். அவ்வளவு சுத்தமாக, டீ கொடுத்து, பாவம் பார்த்து ஒருவன் பொய் சொல்லி நான் கண்டதில்லை. அந்த வீட்டுக்கு உன் தம்பி போகாதது நல்லது. உன் மனுவால் நின்றது என்று எழுதியிருந்தேன். அது தப்பு. மனு இல்லாவிட்டாலும் நின்றிருக்கும்.

கவுஸிடம் கையைப் பற்றி அவர் சொன்னதைச் சொல்லாதே. குடிக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்.

பாரூக்

*

திண்டிவனம்
18 ஜனவரி 2015

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் திட்டுதான் வருகிறது. திட்டுவதற்கும் புதிதாக ஒன்றும் இல்லை.

நீங்கள் சொல்லச் சொன்னதை மட்டும்தான் கவுஸிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “கையப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?” என்றான். இல்லை என்றேன். “பொய்யி சொல்லாதக்கா, உனுக்கு வரல” என்று சிரித்தான். அவனுக்கு அன்றைக்கே, அவர்கள் சுவரைப் பார்த்துப் பேசியபோதே தெரிந்திருக்கிறது. எனக்கும் உங்களுக்கும்தான் ஊர் சுற்றிப் போய்த் தெரிய வேண்டியிருந்தது.

நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. ‘பணி நேரத்தில், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, மேலாளரின் உத்தரவின்பேரில்’ என்று எழுதியிருக்கிறார்கள். தாண்டவராயன் மேலே போவாராம். போகட்டும். மெஷினுக்குக் கம்பிக்கூண்டு போட்டுவிட்டார்கள் என்றும், முதலாளி தன் நல்ல மனசால் போட்டதாகச் சொல்லிக்கொள்கிறார் என்றும் சின்னக்கண்ணு அம்மா சொன்னார். அந்த நல்ல மனசுக்கு என் தம்பியின் மூன்று விரல் தேவைப்பட்டது.

நீங்கள் சாட்சி சொன்னதற்காக நான் நன்றி சொல்லப்போவதில்லை. உண்மையைச் சொல்வது பெரிய காரியம் என்று நீங்கள் நினைத்தால், அதை அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே செய்திருக்கலாம். அக்காவிடமும் இதையேதான் சொன்னேன். அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இனி எழுதப்போவது என் வார்த்தை இல்லை. கவுஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான், நான் எழுதுகிறேன். “நீயே எழுதுடா, எடது கையிலதான் இப்ப நல்லா எழுதுறியே” என்றேன். “அவருக்குப் போடுற முதல் கடுதாசி, கோணலா இருக்கக் கூடாது” என்கிறான்.

“மச்சான், மரக்காணம் ரோட்டுல ஒரு லாரி புக்கிங் ஆபீசுல ஆள் கேக்குறாங்க. வண்டி வர்றது போறது எழுதணும், ட்ரைவருங்களோட பேசணும். வர்ற சனிக்கிழம காலையில வரச் சொன்னாங்க. நான் தனியாப் போனா மொதல்ல கையத்தான் பாப்பாங்க. பாத்துட்டு அப்பறம் சொல்றோம்னுடுவாங்க. நீங்க கூட வந்தா நல்லாருக்கும். நீங்க பேசுவீங்க. இது எப்டி ஆச்சின்னு கேட்டா, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பரிதாபத்துக்குச் சொல்றன்னு நெனப்பாங்க.”

அவ்வளவுதான் சொன்னான்.

நான் வருகிறேன் என்றேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், வாதாடத் தெரியும், ஒரு நாள் லீவு போடவும் தெரியும். “நீ வேணாங்க்கா, நீ சண்ட போட்டுடுவ. மச்சான் வரட்டும்” என்கிறான். உங்களிடம் அப்படி என்ன கண்டான் என்று எனக்குப் புரியவில்லை. புரியவும் வேண்டாம்.

சனிக்கிழமை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், கதவு திறந்திருக்கும். நான் அதற்கு முன்பே ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். சிமெண்ட் கடைச் சட்டையோடு வராதீர்கள், துவைத்துத் தேய்த்த சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். அவன் பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள்.

பர்வீன்